லினக்ஸ் லேப்டாப்பில் ஜூம், டீம்ஸ், மீட்: இன்டர்வியூவுக்கு முந்தின நாளே முடித்து வைக்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு வேலைக்கான ஆன்லைன் நேர்காணலில் முதல் பதினொரு நிமிடம் ஊமைப்படம் ஓட்டியவன் நான். எதிரில் மூன்று பேர். அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசியது அங்கே போகவே இல்லை. "மியூட்டில் இருக்கிறீர்கள் போல" என்று ஒருவர் சொல்ல, நான் மைக் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்க, இன்னொருவர் தன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்ட... கடைசியில் போனிலிருந்து உள்ளே நுழைந்து மீதியைப் பேசி முடித்தேன்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து தோண்டியதில் காரணம் கிடைத்தது. ஹெட்செட் பின்னைச் செருகியபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, செருகியது என்ன என்று கேட்டிருக்கிறது. ஹெட்போன், ஹெட்செட், மைக்ரோபோன் என்று மூன்று படங்கள். அவசரத்தில் ஹெட்போன் மேல் கிளிக் செய்துவிட்டேன். ஹெட்போன் என்றால் மைக் இல்லாதது என்று அர்த்தம். எனவே சிஸ்டம் லேப்டாப்பின் சொந்த மைக்கையே எடுத்துக்கொண்டது. அந்த மைக் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை ஆனது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொண்டவர்கள் என்னைச் சுற்றியே நாலைந்து பேர். அவர்களை மனதில் வைத்து, மின்ட் 22 (சின்னமன் என்ற திரை அமைப்போடு வருவது), உபுண்டு 24.04 இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பொத்தான் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

1. அழைப்பு மெயிலை வரிவரியாகப் படியுங்கள்

எந்த மென்பொருளில் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

ஜூம் என்றால் லினக்ஸுக்கு அந்த நிறுவனமே ஆப் தருகிறது. வெப்எக்ஸும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு ஒரு காலத்தில் லினக்ஸ் ஆப் இருந்தது. 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பிரவுசர் வழிதான். கூகுள் மீட்டுக்கு எப்போதுமே பிரவுசர் போதும். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வமான ஆப் கிடையாது. அதில் கூப்பிடுவதாகச் சொன்னால் போனையே நிமிர்த்தி வைத்துப் பேசுங்கள்.

இங்கே ஒரு பொறி. "லினக்ஸில் வீடியோ கால்" என்று தேடினால் முதலில் வருவதில் பாதி ஸ்கைப் இன்ஸ்டால் செய்யும் பழைய குறிப்புகள். ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. தேதி பார்க்காமல் அந்தக் குறிப்புகளைப் பின்பற்றினால் ஒரு மணி நேரம் போகும், வேறொன்றும் கிடைக்காது. டீம்ஸுக்கான பழைய டெப் கோப்பை (மின்ட், உபுண்டுவில் மென்பொருள் போடும் இன்ஸ்டால் கோப்பு) இறக்கச் சொல்லும் குறிப்புகளும் இதே ரகம்.

மெயிலிலிருந்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை: லிங்க், மீட்டிங் எண், பாஸ்கோடு, நேரம், எந்த ஊர் நேரம், அவர்கள் தந்த தொடர்பு எண். தாளில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லேப்டாப் கைவிடும்போது, அதற்குள் இருக்கும் மெயிலும் சேர்ந்துதான் கைவிடும்.

காட்ட வேண்டிய ஆவணங்களையும் அப்போதே எடுத்து வையுங்கள். சில இடங்களில் அடையாள அட்டையைக் கேமராவுக்கு முன் பிடிக்கச் சொல்வார்கள். உங்கள் திரையில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரியலாம். பதற வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும் படம் மட்டும்தான், எதிரில் நேராகவே தெரியும். விண்ணப்பத்தில் என்ன பெயரோ அதே பெயரில் மீட்டிங்கில் நுழையுங்கள். வீட்டுக் கணினியில் தம்பி எப்போதோ கொடுத்த "கிங்" என்ற பெயரோடு நேர்காணலுக்குள் போனவரை எனக்குத் தெரியும்.

2. இன்ஸ்டால் செய்யத்தான் வேண்டுமா?

பலருக்கு வேண்டாம். ஒரே ஒரு மீட்டிங், நீங்கள் விருந்தாளிதான் என்றால் பிரவுசரே போதும்.

ஜூம் லிங்க்கைத் திறந்தால் முதலில் ஆப்பைத் திறக்கவோ இறக்கவோ சொல்லும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "ஜாயின் ஃப்ரம் யுவர் பிரவுசர்" என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் உடனே தெரியாது. "லான்ச் மீட்டிங்" அழுத்தி, வரும் பெட்டியை ரத்து செய்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். டீம்ஸில் "கன்டின்யூ ஆன் திஸ் பிரவுசர்".

டீம்ஸுக்கு குரோமோ எட்ஜோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. அவற்றின் தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி ஒருமுறை போட்டுவிட்டால், பிறகு சிஸ்டம் அப்டேட்டோடு அவையும் அப்டேட் ஆகிவிடும். அடிக்கடி டீம்ஸ் வேண்டியவர்கள் மின்ட்டில் கூடவே வரும் "வெப் ஆப்ஸ்" என்ற கருவியில் டீம்ஸ் முகவரியைக் கொடுத்தால் மெனுவில் தனி ஐகானாக உட்காரும். உள்ளே ஓடுவது பிரவுசர்தான், பார்க்க ஆப் மாதிரி இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு எடுப்பவர், நீங்களே மீட்டிங் நடத்துபவர் என்றால் மட்டும் ஜூம் ஆப்பைப் போடுங்கள்.

3. லேப்டாப் தாங்குமா என்று பார்ப்பது

ஜூம் ஆப் 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்குத்தான் வருகிறது. 32 பிட் லினக்ஸ் ஓடும் பழைய இயந்திரம் என்றாலும், ராஸ்பெர்ரி பை என்றாலும் பிரவுசர்தான் கதி. மின்ட்டில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்", உபுண்டுவில் செட்டிங்ஸில் "அபவுட்" பக்கம் திறந்தால் தெரிந்துவிடும்.

ராம் 4 ஜிபி என்றால் ஓடும், ஆனால் பிரவுசரில் பத்து டேப்பைத் திறந்துகொண்டு ஓடாது. நான் 8 ஜிபி ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

அதே "அபவுட்" பக்கத்தில் உபுண்டுக்காரர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "சிஸ்டம் டீட்டெய்ல்ஸ்" அழுத்தினால் "விண்டோயிங் சிஸ்டம்" என்ற வரியில் வேலண்ட் அல்லது எக்ஸ்11 என்று இருக்கும். திரையில் ஜன்னல்களை வரையும் அடித்தளம் எது என்பதுதான் அது. ஸ்கிரீன் ஷேர் வரும்போது இந்த ஒரு சொல் உங்கள் பாதி நாளைக் காப்பாற்றும். மின்ட் சின்னமன் நாமாக மாற்றாதவரை எக்ஸ்11-தான்.

இன்ஸ்டாலுக்கு முன் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். இதை நேர்காணல் நாளன்று காலையில் செய்யாதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு சவுண்ட் நடத்தை மாறிப்போவது அபூர்வம்தான், ஆனால் அந்த அபூர்வம் நேர்காணல் நாளைத்தான் தேடி வரும்.

4. ஜூம் இன்ஸ்டால்

இது மூடிய மென்பொருள். மூலநிரல் வெளியே கிடையாது என்பதால் மின்ட், உபுண்டுக்காரர்கள் மற்ற மென்பொருள்களைப் போல இதைத் தாங்களே கட்டித் தங்கள் களஞ்சியத்தில் (சிஸ்டம் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் இணையக் கிடங்கு) வைப்பதில்லை. அதனால்தான் இதற்கு மட்டும் தனி வழி.

ஜூம் தளத்தின் டவுன்லோடு பக்கத்துக்குப் போங்கள். லினக்ஸ் வகை என்ற பெட்டியில் மின்ட் அல்லது உபுண்டு, அடுத்ததில் 64 பிட். டெப் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கும். சின்னக் கோப்பு அல்ல. நாளைக்கு இத்தனை ஜிபி என்று கணக்கு வைத்திருப்பவர்கள் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

மின்ட்டில் கோப்பின் மேல் டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்டால் ஜன்னல் திறக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது.

உபுண்டு 24.04 வந்த புதிதில் டபுள் கிளிக் செய்து டெப் போடுவது தகராறாக இருந்தது. பிறகு வந்த அப்டேட்டில் சரியானது. உங்களுக்கு இன்னும் திறக்கவில்லை என்றால் டெர்மினலுக்கு, அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னலுக்கு, போக வேண்டியதுதான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் இன் டெர்மினல்" கொடுங்கள். அங்கே சூடோ, ஆப்ட், இன்ஸ்டால் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விட்டு அடியுங்கள். பிறகு ஒரு இடைவெளி, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு. சாய்கோட்டை ஒட்டியே கோப்பின் முழுப் பெயர்.

அந்தப் புள்ளியும் சாய்கோடும்தான் உயிர். "இந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்பு" என்று அவைதான் சொல்கின்றன. விட்டுவிட்டால் அந்தப் பெயரில் இணையக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று கைவிரிக்கும். நான் இந்த இடத்தில் இருபது நிமிடம் கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூட வராமல் போகலாம். கீபோர்டு கெடவில்லை. அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

சில குறிப்புகளில் டிபிகேஜி என்ற கட்டளையைச் சொல்லியிருப்பார்கள். அது தேவையான துணைப் பொதிகளை இழுத்து வராது. பாதியில் நின்று சிவப்பாக எழுத்தைக் கொட்டும். ஏற்கெனவே அதைச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் மேலே சொன்ன ஆப்ட் முறையில் மறுபடி போட்டாலே பெரும்பாலும் விட்டுப்போனதை அது இழுத்துக்கொள்ளும்.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஜூம் என்று தேடி "ஒன்றும் வரவில்லையே" என்பவர்களுக்கு: அங்கே வருவது ஃபிளாட்பேக் (எந்த லினக்ஸிலும் ஓடும்படி மென்பொருளைப் பொதியும் முறை) பதிப்பு. அதைப் பொதிந்து தருபவர்கள் தன்னார்வலர்கள், ஜூம் நிறுவனம் அல்ல. மின்ட் 22-இல் இப்படிச் சரிபார்ப்புக் குறி இல்லாத பொதிகள் தாமாகவே மறைந்திருக்கும். மேனேஜரின் பிரிஃபரன்ஸஸில் போய் நீங்கள்தான் காட்டச் சொல்ல வேண்டும். ஸ்னாப் (உபுண்டுவின் அதேபோன்ற பொதி முறை) பதிப்பும் உண்டு, ஆனால் மின்ட் ஸ்னாப்பையே பூட்டி வைத்திருக்கிறது. நிறுவனத்தின் டெப்பையே போடுங்கள் என்பது என் கட்சி. ஒரு மூடிய மென்பொருளை நம்புவதே ஒரு சமரசம். நடுவில் இன்னொரு கையும் எதற்கு.

டெப்பில் ஒரு குறை உண்டு. குரோம் மாதிரி இது தானாக அப்டேட் ஆகாது. ஜூம் குறிப்பிட்ட பதிப்புக்குக் கீழே உள்ளவற்றை உள்ளே விடுவதில்லை. ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து, மீட்டிங்குக்கு இரண்டு நிமிடம் முன் திறந்தால் "அப்டேட் செய்" என்று வாசலில் நிறுத்திவிடலாம். முந்தின நாளே புது டெப்பை இறக்கி, பழையதன் மேலேயே போட்டுவிடுங்கள். பழையதை நீக்கத் தேவையில்லை.

5. மைக்: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

ஜூமைத் திறக்காதீர்கள். முதலில் சிஸ்டம் மட்டத்தில் சோதியுங்கள். எனக்கு இந்த ஒழுங்கு தெரியாததால்தான் மாலை முழுக்க ஜூம் செட்டிங்ஸுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்; கோளாறு அதற்கு ஒரு மாடி கீழே இருந்தது.

முதலில் ஹெட்செட் பின்னைப் பாருங்கள். போனோடு வரும் இயர்போன் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும்: ஒலி, மைக் இரண்டும் ஒரே பின்னில். பழைய லேப்டாப்பில் காதுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை என்று தனித்தனியாக இருந்தால், இந்தப் பின்னைச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை; விண்டோஸிலும் இதேதான். கடைத்தெருவில் 3.5 மிமீ ஸ்பிளிட்டர் என்று கேட்டால் ஒய் வடிவத்தில் ஒரு சின்ன ஒயர் கொடுப்பார்கள். ஒருமுனையில் ஹெட்செட், மறுமுனையில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பின்.

ஒரே துளை உள்ள லேப்டாப் என்றால், செருகியதும் நான் மேலே சொன்ன அந்தப் பெட்டி வரலாம். ஹெட்செட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியை மூடிவிட்டீர்களா? பின்னைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள்.

அடுத்து சவுண்ட் செட்டிங்ஸில் "இன்புட்" பகுதி. மைக்குகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்து, மைக்கை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். எதைத் தேர்ந்திருக்கும்போது பக்கத்திலுள்ள அளவுக்கோடு துள்ளுகிறதோ அதுதான் உங்கள் மைக். பேசிப் பார்ப்பதைவிடச் சுரண்டுவது மேல். பேசினால் அறையின் எந்த மைக்கும் கொஞ்சம் துள்ளும், சுரண்டினால் அந்த ஒன்று மட்டும் எகிறும். அளவை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், இரைச்சல் வரும்.

இதற்கும் மசியவில்லை என்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் "பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்" என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் "ரெக்கார்டிங்" என்ற டேப், ஏதாவது ஒரு ஆப் மைக்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் நிரம்பும். ஜூம் மீட்டிங்குக்குள் இருந்துகொண்டே இதைத் திறந்தால், ஜூம் எந்த மைக்கிலிருந்து எடுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், அங்கேயே மாற்றலாம். பட்டியலில் "மானிட்டர் ஆஃப்" என்று தொடங்கும் ஒன்று இருக்கும். அது மைக்கே இல்லை. உங்கள் ஸ்பீக்கரில் போகும் சத்தத்தைத் திருப்பி எடுப்பது. அதைத் தேர்ந்துவிட்டால் எதிரில் பேசுபவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும், உங்கள் குரல் கேட்காது.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டு கேட்கும்போது தேன் மாதிரி இருக்கும். மைக் வேலைக்கு வந்ததும் வேறு முறைக்கு மாறி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போகவில்லை, அந்த முறையின் தரமே அவ்வளவுதான். நேர்காணலுக்கு ஒயர் வைத்த யூஎஸ்பி ஹெட்செட் எடுங்கள். அதற்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பதால் ஸ்பிளிட்டரும் வேண்டாம், அந்தப் பெட்டியும் வராது.

சிஸ்டத்தில் மைக் துள்ளிய பிறகுதான் ஜூம். செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் "டெஸ்ட் மைக்" கொடுங்கள். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் குறியை எடுத்துவிடுவது என் பழக்கம். இல்லாவிட்டால் நாம் வைத்த அளவை அது தன் இஷ்டத்துக்கு இறக்கி ஏற்றும்.

6. கேமரா

இதில் தகராறு குறைவு. "சீஸ்" என்ற சின்ன ஆப்பைப் போட்டுத் திறந்து பாருங்கள். முகம் தெரிந்தால் சிஸ்டம் மட்டத்தில் வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால் கேமராவை மூடும் சின்னத் தகடு, கீபோர்டில் கேமரா படம் போட்ட பொத்தான் இரண்டையும் பாருங்கள்.

பார்த்துவிட்டு சீஸை மூடிவிடுங்கள். கேமராவை ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் பிடித்துக்கொள்ளும். சீஸோ இன்னொரு பிரவுசர் டேபோ திறந்திருந்தால் ஜூமில் கறுப்புத் திரைதான்.

பின்னணிப் படம் போடும் வசதியைப் பழைய லேப்டாப்பில் தொடாதீர்கள். ஃபேன் சத்தம் மைக்கில் விழும். பின்னால் ஒரு வேட்டியைக் கட்டிவிட்டால் அதைவிட நன்றாக இருக்கிறது.

7. ஸ்கிரீன் ஷேர்

எக்ஸ்11 என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

வேலண்டில் எந்த ஆப்பும் தானாகத் திரையைப் பார்க்க முடியாது, சிஸ்டத்திடம் அனுமதி கேட்டாக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதனால் ஷேர் பொத்தானை அழுத்தியதும் ஆப்பின் பெட்டி ஒன்று, சிஸ்டத்தின் பெட்டி ஒன்று என்று இரண்டு முறை கேட்கலாம். இரண்டாவது பெட்டி ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவோம். பொறுத்துப் பாருங்கள். ஷேர் ஆகிறது ஆனால் எதிரில் கறுப்பாகத் தெரிகிறது என்றால், உபுண்டு 24.04-இல் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டு அடிக்கும் திரையில் கீழ் மூலையிலுள்ள பற்சக்கரத்தை அழுத்தி "உபுண்டு ஆன் ஸோர்க்" தேர்ந்து நுழையுங்கள். அதுதான் எக்ஸ்11. உபுண்டு 25.10-இல் இந்த வாசலையே எடுத்துவிட்டார்கள்; அங்கே இருப்பவர்கள் பிரவுசரிலிருந்து ஷேர் செய்து பார்க்கலாம்.

முழுத் திரையையும் காட்டுவதற்குப் பதில் ஒரு ஜன்னலை மட்டும் காட்டுங்கள். முழுத் திரைதான் வேண்டும் என்றால் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவிடுங்கள். சம்பளப் பேச்சு நடக்கும்போது வீட்டுக் கடன் மெயில் ஓரத்தில் எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது.

8. ஒத்திகை: எதிர் நாற்காலியில் உங்கள் போன்

ஜூம் தளத்திலேயே "டெஸ்ட்" என்ற பக்கம் இருக்கிறது. உங்கள் குரலைப் பதிந்து திருப்பிக் கேட்க வைக்கும். அது நல்ல தொடக்கம், ஆனால் போதாது.

லேப்டாப்பில் நீங்களே ஒரு மீட்டிங் தொடங்குங்கள். போனில் ஜூம் ஆப்பைப் போட்டு, அதே மீட்டிங் எண்ணில் வேறு பெயரில் நுழையுங்கள். போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டு விசில் அடிக்கும். வீட்டில் யாரையாவது லேப்டாப் முன் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். என் அம்மா சாம்பார்ப் பொடிக் கணக்கைப் பத்து நிமிடம் பேசினார். அதில்தான் என் குரல் எதிரில் எவ்வளவு மெல்லியதாகப் போயிருக்கும் என்று புரிந்தது. மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்கிரீன் ஷேரையும் இப்படியே போனில் பாருங்கள்: எழுத்து படிக்க முடிகிறதா, கறுப்பாக இருக்கிறதா.

மீட்டிங் முடிந்ததும் போனிலிருந்து ஜூமை நீக்கிவிடாதீர்கள். லேப்டாப் மக்கர் செய்தால் ஆடியோவுக்குப் போன், திரைக்கு லேப்டாப் என்று இரண்டிலுமாக நுழைந்துகொள்ளலாம். அப்போது லேப்டாப்பில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

9. செலவு

லினக்ஸ் இலவசம். ஜூமின் இலவசக் கணக்கில் நீங்கள் நடத்தும் மீட்டிங் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், இருவர் மட்டும் பேசினாலும். நேர்காணலில் நடத்துவது அவர்கள் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. டியூஷன் எடுப்பவர்களுக்குத்தான் உண்டு. கூகுள் மீட் இலவசத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம், இருவருக்கு 24 மணி நேரம் வரை. ஒரே மாணவர் என்றால் மீட்தான் லாபம்.

நீங்களே நடத்துவது, திறமூலமாகவும் வேண்டும் என்றால் ஜிட்சி மீட் இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். அதன் பொதுத் தளத்தில் அறை தொடங்குபவர் மட்டும் ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும். எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதில்தான் நேர்காணல் நடக்கும் என்பதால், அங்கே கொள்கை பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

டேட்டா: இருவர் பேசும் நல்ல தர வீடியோவுக்குப் போக 600 கேபிபிஎஸ், வர 600 கேபிபிஎஸ் வேண்டும் என்பது ஜூம் சொல்லும் அளவு. இரண்டும் சேர்த்து மணிக்கு 540 எம்பி. ஹெச்டி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, ஒரு ஜிபிக்கு மேல். நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளானில் இருப்பவர்கள் ஜூமின் வீடியோ செட்டிங்ஸில் ஹெச்டி குறியை எடுத்துவிடுங்கள், அன்று காலை ரீல்ஸ் பார்க்காமல் இருங்கள்.

எனக்கு ஆன கைச்செலவு: ஸ்பிளிட்டர் 120 ரூபாய், அது போதாமல் பிறகு வாங்கிய யூஎஸ்பி ஹெட்செட் 950 ரூபாய், ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் 1,400 ரூபாய். ஹெட்செட்டை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்த 120 மிச்சம். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

10. எப்போது எதைச் செய்வது

மூன்று நாளுக்கு முன்: மெயில், அப்டேட், இன்ஸ்டால், மைக் சோதனை. ஹெட்செட் வாங்க வேண்டியிருந்தால் கடைக்குப் போக, மாற்றித் தர நேரம் இருக்கும்.

முந்தின நாள்: போனோடு ஒத்திகை, அதுவும் நேர்காணல் நடக்கும் அதே நேரத்தில். காலை பத்து மணிக்கு ஓடும் இணையம் இரவு ஒன்பதுக்கு ஓடாது. தெருவே படம் பார்க்கிற நேரம். பேப்பரில் மறுநாளைய பராமரிப்பு மின்தடைப் பட்டியலில் உங்கள் பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வேறு வீடோ வேறு தேதியோ கேட்க அன்றே அவகாசம் உண்டு.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். விண்டோஸ் அதைத் திருத்திய பிறகு திரும்பி லினக்ஸுக்கு வந்தால் இணையம் கிடைக்கும்வரை முன்னால் ஓடும். அன்று மட்டும் லேப்டாப் மூலையில் தெரியும் நேரத்தை நம்பாதீர்கள், சுவர்க் கடிகாரத்தையோ போனையோ பாருங்கள்.

அன்று: ஒரு மணி நேரம் முன்பே லேப்டாப்பை ஆன் செய்து சார்ஜரில் போடுங்கள். ஹெட்செட்டைச் செருகுங்கள், பெட்டி வந்தால் நிதானமாகப் படித்து ஹெட்செட் அழுத்துங்கள், மைக்கை ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். திரை தானாக அணையும் நேரத்தை "நெவர்" ஆக்குங்கள். பதினைந்து நிமிடம் முன்பே காத்திருப்பு அறைக்குள் போய்விடுங்கள். உள்ளே விட்டதும் முதல் வாக்கியமாக "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேளுங்கள், பதில் வந்த பிறகே வணக்கம்.

வேலை கிடைத்து, இனி ஜூமே வேண்டாம் என்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் நீக்கிவிடலாம். ஆப் போனாலும் ஹோம் ஃபோல்டரில் ஜூமின் மறைந்த ஃபோல்டர் ஒன்று மிச்சமிருக்கும்; கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். புள்ளியில் தொடங்கி ஜூம் என்று முடியும் அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் புள்ளியோடு இருக்கும் மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.